ஆற்றின் படிகளைப் பார்த்து வயது சொல்லும்போது எங்கே சறுக்குகிறோம்

ஆறு தன் பழைய படுகையை வெட்டிக்கொண்டு கீழே இறங்கினால், பழைய தரை கரையோரம் மேடாக நின்றுவிடும். அதுதான் ஆற்றுப் படித்தளம். (ஆங்கிலத்தில் 'டெரஸ்' என்பதால் கணினி மொழிபெயர்ப்பு இதை 'மொட்டைமாடி' ஆக்கிவிடும், உஷார்.) மேற்குத் துருக்கியில் குலா ஊர்ப்பக்கம் ஓடும் கெடிஸ் ஆற்றை எடுத்துக்கொள்வோம். பழைய கிரேக்க அறிஞர் ஸ்ட்ராபோ 'எரிந்த நிலம்' என்று குறிப்பிட்ட எரிமலைப் பகுதி அது. அங்கே 10 லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு வழிந்த எரிமலைக் குழம்பு, அதற்கும் பழைய படித்தளங்களின் மேல் மூடிபோல உறைந்து, அவற்றை அரித்துப் போகாமல் காப்பாற்றி வைத்திருக்கிறது.

பலரும் செய்யும் முதல் தவறு, மேலே இருப்பதுதான் புதியது என்று நினைப்பது. ஒரே படிக்குள் தோண்டினால் அது சரிதான், ஆறு போட்டுவைத்த சரளைக்கற்களில் அடியில் கிடப்பதுதான் பழசு. ஆனால் படிக்குப் படி கணக்கு தலைகீழ்: கோடையில் தெப்பக்குளத்துத் தண்ணீர் இறங்கும்போது மேல்படிதானே முதலில் காய்கிறது, அதுபோல ஆறு முதலில் கைவிட்டது உச்சிப் படியைத்தான்.

அடுத்தது, குழம்புப் பாறையின் வயதையே சரளையின் வயதாக எழுதிவிடுவது. குழம்பு வந்தபோது சரளை ஏற்கெனவே அங்கே கிடந்தது. ஆகவே அந்த வயதைவிடச் சரளை பழையது என்பது மட்டும் உறுதி, எவ்வளவு பழையது என்று குழம்பு சொல்லாது.

இனி பெரிய குழப்பம். ஒரு படிக்கு ஒரு பனியுகம் என்று எண்ணிக்கொண்டே போகிறவர்கள் உண்டு, எல்லாம் எரிமலை செய்தது என்பவர்களும் உண்டு. குளிர்ந்து வறண்ட காலத்தில் செடிகொடி குறைந்து, சரிவுகளிலிருந்து மண்ணும் கல்லும் ஏராளமாக இறங்கி, ஆறு சுமக்க முடியாமல் படுகையிலேயே போட்டுவிடும், படுகை உயரும். வெப்பம் திரும்பினால் மரங்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், சுமை குறைந்த ஆறு அடியை வெட்டத் தொடங்கும். இதோடு நிலமும் மெல்ல உயர்ந்தால்தான் படிகள் வரிசையாக நிலைக்கும், இல்லாவிட்டால் புதிய சரளை பழையதை மூடிவிடும். சரி, எரிமலை எங்கே வருகிறது? குழம்பு பள்ளத்தாக்கை அணைபோல அடைத்தால் மேல்பக்கம், அதாவது ஆறு வரும் திசையில், ஏரி தேங்கும், நுண்ணிய சேறு படியும், பிறகு ஆறு அந்த அணையை வெட்டியோ சுற்றியோ இறங்கும்போது அந்தச் சேறும் ஒரு படியாக நிற்கும். பார்வைக்குக் காலநிலை செய்த படி போலவே இருக்கும். அடைப்பால் வந்த சேறு அணைக்கு மேல்பக்கம்தான் இருக்கும்; காலநிலையால் வந்ததன் தடயத்தைத் துணையாறுகளிலும், எரிமலையே இல்லாத பக்கத்துப் பள்ளத்தாக்குகளிலும் தேடலாம். ஒரே இடத்தில், அடுக்குகள் தெரியும் ஒரு வெட்டுமுகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவதை நான் நம்புவதில்லை.

அப்புறம் எரிமலைச் சாம்பல். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்திராவின் தோபா எரிமலை வெடித்ததில் வந்த சாம்பல், ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் இரண்டு மீட்டருக்கும் அதிகத் தடிமனில் கிடக்கிறது. அத்தனையும் வானத்திலிருந்து விழுந்தது என்று எழுதாதீர்கள். நேராக விழுந்தது அடியில் சில சென்டிமீட்டர்தான். மீதி, சுற்றுச் சரிவுகளிலிருந்து மழைநீர் அடித்துவந்து சேர்த்தது. அதில் மணலோ களிமண்ணோ கலந்திருக்கிறதா, நீரோட்டம் விட்டுப்போன வரிகள் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு அளவுகோலை வையுங்கள்.