தூரத்தை வேகத்தால் வகுத்தால் விமானப் பயண நேரம் கிடைக்குமா?

விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும், அதனால் தூரத்தை 900 ஆல் வகுத்தால் போதும் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே சுமார் 5,550 கிலோமீட்டர். வகுத்தால் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். அட்டவணையைப் பாருங்கள்: நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஏறக்குறைய 7 மணி நேரம், திரும்பி வர 8 மணி நேரம்.

900 என்பது உச்ச உயரத்தில் சீராகப் பறக்கும்போது உள்ள வேகம் மட்டுமே. ஏறும்போதும் இறங்கும்போதும் அது கிடையாது. அட்டவணை நேரமோ, விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்குவதில் ஆரம்பித்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் காத்திருப்பதும் அதில் அடக்கம். குறுகிய பயணங்களில்தான் இந்தக் கணக்கு மிக மோசமாகப் பிசகும். 300 கிலோமீட்டரை இருபது நிமிடத்தில் எந்தப் பயணி விமானமும் கொண்டு சேர்க்காது. ஒரு மணி நேரம் வைத்துக்கொள்வது நல்லது. நீண்ட பயணத்துக்கு 850 ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டினால் ஓரளவு சரியாக வரும்.

சரி, போக 7, வர 8 ஏன்? காற்றுதான் காரணம். விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற பலத்த காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். 2020 பிப்ரவரியில் புயலோடு சேர்ந்த இந்தக் காற்றில், பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. அதனால், போகும் நேரத்தை வைத்துத் திரும்பும் நேரத்தை முடிவு செய்யாதீர்கள்.

வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவதும் உதவாது. உருண்டையான பூமியில் மிகக் குறுகிய வழி, தட்டையான படத்தில் துருவத்தை நோக்கி வளைந்து தெரியும். அந்த வழியிலும் எப்போதும் பறக்க முடியாது. 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேரத்தை ஒட்டிப் போய்விட்டது. தூரம் மைலில் இருந்தால் எந்த மைல் என்றும் பாருங்கள்: சாதாரண மைல் 1.609 கிலோமீட்டர், கடல் மைல் 1.852.

அப்புறம், டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊரின் நேரம். டோக்கியோவில் மாலையில் ஏறி, லாஸ் ஏஞ்சலிஸில் அதே நாள் காலையிலேயே இறங்கலாம்! இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். மார்ச் மாதத்தில் கூடுதல் கவனம் தேவை: அமெரிக்கா இரண்டாம் ஞாயிறும் பிரிட்டன் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை முன்னே தள்ளுவதால், இடைப்பட்ட நாட்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வித்தியாசம் 5 மணி நேரம் அல்ல, 4 மணி நேரம்.