டிசம்பர் மாதக் குடும்ப ஜெபத்திற்கு லூக்கா நற்செய்தி

லூக்கா எழுதின சுவிசேஷத்தில் 24 அதிகாரங்கள் இருப்பதால், டிசம்பர் 1 முதல் நாளுக்கு ஓர் அதிகாரமாகக் குடும்ப ஜெபத்தில் வாசித்து வந்தால், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளன்று இயேசுவின் பிறப்பு முதல் உயிர்த்தெழுதல் வரை முழுவதையும் வீட்டார் அனைவரும் சேர்ந்து வாசித்து முடித்திருப்பார்கள்.

முதல் அதிகாரம் 80 வசனங்கள் கொண்டது. சிறு பிள்ளைகள் சோர்ந்துவிடாதபடி, காபிரியேல் தூதன், சகரியா, மரியாள், எலிசபெத்து ஆகியோர் பேசும் பகுதிகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்து வாசிக்கச் செய்யலாம். எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கும் ஒரு வசனமாவது கொடுங்கள். தாத்தா பாட்டி திருத்திச் சொல்லிக் கொடுக்கும் அந்த நேரமே ஜெபத்தின் இனிமையான பகுதி என்பது என் உறுதியான எண்ணம். மரியாளின் பாடல் வரும்போது சற்று நிறுத்தி, பசியுள்ளவர்களை நன்மைகளால் நிரப்பினார் என்ற வசனத்தை ஒட்டி, இவ்வாண்டு யார் வீட்டுக்குப் பலகாரமும் புத்தாடையும் கொண்டுபோவது என்று பிள்ளைகளிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

24ஆம் தேதி இரவு, ஆராதனைக்குப் புறப்படுமுன், இரண்டாம் அதிகாரத்தின் முதல் 20 வசனங்களை மறுபடியும் வாசித்து, குழந்தை இயேசுவின் உருவத்தைக் குடிலில் வைக்கலாம். குழந்தை இயேசுவைக் காணக் கிழக்கிலிருந்து வந்த ஞானிகளான சாஸ்திரிகளின் வருகை மத்தேயு நற்செய்தியில்தான் உள்ளது. அவர்களுடைய உருவங்களை ஜனவரி 6 அன்று, மத்தேயுவின் இரண்டாம் அதிகாரத்தை வாசித்தபின் வைப்பது பொருத்தமாக இருக்கும்.