தலைவலி கிளெய்ம் மேல்முறையீடு: எங்கே கோட்டை விடுகிறார்கள்?

அமெரிக்க ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, மைக்ரேனுக்காக விஏ-விடம் (அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையிடம்) இழப்பீடு கேட்டு, மறுப்புக் கடிதமோ அடிமட்ட ரேட்டிங்கோ (பாதிப்பின் அளவைச் சொல்லும் சதவீதம்) வாங்கியவர்களுக்கு மேல்முறையீட்டில் உதவுவது என் வேலை. படைவீரர் சேவை அமைப்பு ஒன்றில் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியாக இருக்கிறேன். வெளிநாட்டவரைப் படையில் சேர்த்த மேவ்னி திட்டத்தில் தமிழ் தெரிந்தவர்களையும் சேர்த்தார்கள் என்பதால், வருகிறவர்களில் நம்மவர்களும் உண்டு. ஒரு காலத்தில் என் சொந்த கிளெய்மில் நடந்த பிழைகளே இன்று வருகிறவர்களின் கோப்பிலும் இருக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன். கையெழுத்தை மறப்பது, பழைய முகவரியை விட்டுவைப்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

எதற்காக மறுத்தார்கள் என்று பார்க்காமல் சண்டைக்குப் போவது

"தலைவலி பணியால் வந்தது இல்லை" என்று மறுப்பது வேறு. "பணியால் வந்ததுதான், ஆனால் 0 சதவீதம்" என்பது வேறு. முதலாவதற்குத் தேவை நோயையும் பணியையும் இணைக்கும் மருத்துவக் கருத்து. இரண்டாவதற்குத் தேவை தாக்குதலின் கடுமைக்கும் அடிக்கடி வருவதற்கும் ஆதாரம். ரேட்டிங் கூட்டச் சொல்லிக் கேட்பவர், பணியில் அடிபட்டதை நிரூபிக்கப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்புகிறார். அதை ஏற்கெனவே ஒப்புக்கொண்டாயிற்று!

கடிதத்தில் "ஃபேவரபிள் ஃபைண்டிங்ஸ்" என்று ஒரு பகுதி இருக்கும். உங்களுக்குச் சாதகமாக முடிவானவை அதில் இருக்கும். பின்னால் பார்க்கும் அதிகாரி அவற்றைச் சும்மா தள்ளிவிட முடியாது, மறுக்க முடியாத பிழை இருந்தால்தான் மாற்றலாம். முதலில் அந்தப் பகுதியைப் படியுங்கள். அதில் இல்லாததற்குத்தான் வாதாட வேண்டும்.

வலியை எழுதிவிட்டு, வலி என்ன செய்தது என்பதை எழுதாமல் விடுவது

இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. காரணம், உண்மையாகவே அவதிப்படுகிறவர்தான் இதில் தோற்றுப்போகிறார்.

விஏ மைக்ரேனை மதிப்பிடுவது 8100 என்ற குறியீட்டின் கீழ். வலி பத்துக்கு எத்தனை என்ற கேள்வியே அங்கே கிடையாது. ஆளைச் சாய்த்துப் படுக்க வைக்கிற தாக்குதல், அவர்கள் பாஷையில் "ப்ராஸ்ட்ரேட்டிங்" தாக்குதல், எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதுதான் கேள்வி. கடந்த சில மாதங்களின் சராசரியில் இரண்டு மாதத்துக்கு ஒன்று என்றால் 10 சதவீதம். மாதத்துக்கு ஒன்று என்றால் 30. மிக அடிக்கடி வந்து, முழுவதுமாகச் சாய்த்து, நெடுநேரம் நீடித்து, பிழைப்பையே கடுமையாகப் பாதிக்கும் என்றால் 50. இந்தக் குறியீட்டில் அதற்கு மேல் கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒன்றைவிடக் குறைவு என்றால் 0, அதாவது நோயை ஒப்புக்கொள்வார்கள், பணம் வராது. 2025-ஆம் ஆண்டு விகிதப்படி, சார்ந்தவர் யாரும் இல்லாத தனியாளுக்கு 10 சதவீதம் என்றால் மாதம் 175.51 டாலர். 50 சதவீதம் என்றால் 1,102.04 டாலர்.

டெக்சாஸில் இருக்கும் ஒரு தம்பி தன் தலைவலி டைரியை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தார். தேதி, ஆரம்பித்த நேரம், வலி 8, வலி 9, போட்ட மாத்திரை எல்லாம் இருந்தது. அந்த மணிநேரங்களில் அவர் எந்த நிலையில் இருந்தார் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. சி அண்ட் பி பரிசோதனையில் (கிளெய்முக்காக விஏ ஏற்பாடு செய்யும் மருத்துவப் பரிசோதனை) கேட்டபோதும், "வலிக்கும், சமாளிச்சுக்குவேன்" என்றுதான் சொல்லியிருக்கிறார். பரிசோதித்தவர், ப்ராஸ்ட்ரேட்டிங் தாக்குதல் உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று குறித்துவிட்டார். கிடைத்தது 0.

அவர் மனைவியிடம் பேசினேன். "பாத்ரூம் தரையில போய்ப் படுத்துக்குவார் அண்ணே, டைல்ஸ் குளிர்ச்சியா இருக்கும்னு. சத்தமே ஆகாது. நான் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு பார்க்குக்குப் போயிடுவேன். திரும்பி வந்து பார்த்தா அப்படியே கிடப்பார். தண்ணி குடிச்சாலும் வாந்தி" என்றார். இதை ஏன் எழுதவில்லை என்று தம்பியைக் கேட்டேன். "அதையெல்லாம் எப்படிண்ணே எழுதறது?" என்றார்.

அதைத்தான் எழுத வேண்டும். விளக்கை அணைத்துப் படுத்தீர்களா, எவ்வளவு நேரம், வாந்தி எடுத்தீர்களா, கார் ஓட்ட முடிந்ததா, வேலையிலிருந்து பாதியில் கிளம்பினீர்களா, பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் கூட்டிவந்தார்கள் என்று எழுதுங்கள். லேசாக வந்துபோன தலைவலியையும் லேசானது என்றே எழுதுங்கள். எல்லா நாளும் ஒரே கடுமை என்று சொல்லும் டைரியை யாரும் நம்ப மாட்டார்கள், நடக்காததை எழுதினால் மொத்தக் கோப்புமே கெட்டுப்போகும். கூட வாழ்கிறவர் கண்ணால் கண்டதை 21-10210 படிவத்தில் தனியாக எழுதித் தரட்டும். "அவருக்குக் கடுமையான தலைவலி" என்ற வரியால் பயனில்லை. அந்தப் பாத்ரூம் தரை எழுத்தில் வர வேண்டும்.

அப்புறம், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர். நம் ஊர்ப் பழக்கம், எப்படி இருக்கீங்க என்று கேட்டால் "நல்லா இருக்கேன் டாக்டர்" என்றுதான் வாயில் வரும். அது மருத்துவப் பதிவில் ஏறும். மேல்முறையீட்டில் அதே வரியை எடுத்து உங்கள் முன்னால் வைப்பார்கள். கடந்த முறை வந்தபிறகு எத்தனை தடவை படுத்துக்கிடந்தீர்கள் என்பதை ஒவ்வொரு சந்திப்பிலும் நீங்களாகவே சொல்லுங்கள்.

வேலையில் இருப்பதால் 50 கிடைக்காது என்று தாங்களாகவே முடிவுகட்டுகிறவர்களும் உண்டு. அது சரியில்லை. 2004-இல் பியர்ஸ் எதிர் பிரின்சிப்பி வழக்கில், தாக்குதல்கள் அப்படிப்பட்ட பொருளாதாரப் பாதிப்பை உண்டாக்கக்கூடியவையாக இருந்தாலும் போதும் என்ற பொருளை நீதிமன்றம் ஏற்றது. வேலையை முற்றிலும் இழந்திருக்க வேண்டியதில்லை. எடுத்த லீவுக் கணக்கு, சீக்கிரம் கிளம்பிய நாட்கள், இருட்டு அறையில் படுக்க அனுமதித்ததாக மேலாளர் தரும் கடிதம், இவையெல்லாம் இங்கே ஆதாரம்.

அந்தத் தம்பி மனைவியின் வாக்குமூலத்தையும் லீவுப் பதிவையும் வைத்து சப்ளிமென்டல் கிளெய்ம் (புதிய ஆதாரத்தோடு மறுபடி கேட்பது) போட்டார். மறுபரிசோதனையில் நடந்ததை நடந்தபடி சொன்னார். 30 கிடைத்தது.

ஒரு வருடத்தைத் தாண்ட விடுவது

2019 பிப்ரவரி 19 முதல் நடப்பில் உள்ள முறையில் மூன்று வழிகள் உண்டு: சப்ளிமென்டல் கிளெய்ம், ஹையர் லெவல் ரிவியூ (பழைய கோப்பையே மூத்த அதிகாரி மறுபடி பார்ப்பது), போர்டு மேல்முறையீடு (படைவீரர் மேல்முறையீட்டு வாரியத்திடம் போவது). கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் இதில் ஒன்றைத் தொட்டுவிட்டால், முதலில் விண்ணப்பித்த தேதி காப்பாற்றப்படும். அதைத் தாண்டினால் சப்ளிமென்டல் மட்டும்தான் மிச்சம், ஜெயித்தாலும் பணம் புதிய தேதியிலிருந்துதான் கணக்கு. 2022 மார்ச்சில் கேட்டு, 2023 ஜனவரியில் மறுக்கப்பட்டு, "எல்லா ஆதாரமும் சேரட்டும்" என்று 2024 மார்ச் வரை காத்திருந்தவருக்கு இரண்டு வருடப் பணம் போய்விட்டது. ஏதாவது ஒரு புதிய ஆதாரம் கையில் இருந்தால் கெடுவுக்குள் தாக்கல் செய்யுங்கள். மீதி பின்னால் வரட்டும்.

ஹையர் லெவல் ரிவியூவில் புதுக் காகிதம் இணைப்பது

பார்க்க மாட்டார்கள். பழைய கோப்பைப் படித்ததில் பிழை இருந்தால் மட்டும் அந்த வழி.

பரிசோதனைக்குப் போகாமல் இருப்பது

ரேட்டிங் உயர்வு கேட்டவர் தக்க காரணமில்லாமல் வராவிட்டால் மறுத்துவிடச் சொல்லியே விதி இருக்கிறது.

"இருக்கலாம்" என்று எழுதிய டாக்டர் கடிதம்

கழுத்துக் காயம், தலையில் பட்ட அடி, காதிரைச்சல் என ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட ஒன்றால் மைக்ரேன் வந்தது என்று இரண்டாம்நிலைக் காரணம் காட்டலாம், நல்ல வழிதான். ஆனால் "தொடர்பு இருக்கலாம்" என்று முடியும் கடிதத்துக்கு எடை கிடையாது. தொடர்பு இருப்பதற்குக் குறைந்தது பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று மருத்துவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். எந்தப் பதிவுகளைப் படித்தார், ஏன் அந்த முடிவுக்கு வந்தார் என்பதும் வேண்டும். காரணம் சொல்லாத முடிவை ஒதுக்கிவிடுவார்கள். ஏற்கெனவே இருந்த தலைவலி அந்தக் காயத்தால் மோசமாகியிருந்தால் அதுவும் கணக்கில் வரும். அதையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள், பல மருத்துவர்கள் அதைத் தொடுவதே இல்லை.

கூடுகிற பணத்தில் பங்கு கேட்பவர்களிடம் போவது

முதல் கிளெய்மைத் தயாரித்துத் தர யாரும் கட்டணம் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. சேவை அமைப்புகள் எந்தக் கட்டத்திலும் இலவசம். முதல் முடிவு வந்தபிறகு அங்கீகாரம் பெற்ற வழக்கறிஞரோ ஏஜென்டோ கட்டணம் வாங்கலாம். நிலுவைத் தொகையில் 20 சதவீதம் வரை நியாயம் என்று எடுத்துக்கொள்வார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் நியாயமற்றது என்பதே விதியின் ஊகம். "ஆலோசனை" என்ற பெயரில் வரப்போகும் மாதங்களின் உயர்வையும் சேர்த்துக் கேட்கும் ஒப்பந்தத்தை ஒருவர் என்னிடம் காட்டினார். கையெழுத்துப் போடுவதற்கு முன், விஏ வெளியிடும் அங்கீகாரப் பட்டியலில் அந்த ஆளின் பெயரைத் தேடுங்கள். இல்லையென்றால் போடாதீர்கள்.