சினையாடு குட்டி வீசினால் முதலில் நஞ்சுக்கொடியைப் பத்திரப்படுத்துங்கள்

வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் சினைக்காலம் சுமார் 150 நாள். கடைசி இரண்டு மூன்று வாரத்தில், நன்றாக மேய்ந்துகொண்டிருந்த ஆடு காய்ச்சலோ சோர்வோ இல்லாமல் குட்டியை வீசிவிட்டால், அதாவது நாள் நிறையும் முன்பே கருவைத் தள்ளிவிட்டால், கிளமிடியா என்ற தொற்றுநோயை நினைக்க வேண்டும். குட்டி அழுகியிருக்காது. முடி முளைத்து, முழு உருவத்தோடு தூங்குவதுபோல் கிடக்கும். சில ஆடுகள் உயிரோடு ஈனும், ஆனால் குட்டி எழுந்து நிற்க முடியாமல் இரண்டொரு நாளில் போய்விடும். பக்கத்து ஆடு முட்டியிருக்கும் என்று சொல்லிப் புதைத்துவிடுவதுதான் வழக்கம். ஓர் ஆட்டுக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். அதே பட்டியில் அடுத்த வாரம் இன்னொன்று வீசினால் அந்தச் சமாதானம் செல்லாது.

கிளமிடியா அபார்டஸ் என்ற இந்தக் கிருமி, வீசிய ஆட்டின் நஞ்சுக்கொடியிலும் பிறப்புறுப்பில் வழியும் கசிவிலும் கோடிக்கணக்கில் இருக்கும். அதை முகர்ந்த, நக்கிய, அது பட்ட தீவனத்தைத் தின்ற ஆடுகளுக்குத் தொற்றும். தொற்றிய ஆடு பெரும்பாலும் அந்த ஈத்தில் ஒன்றும் காட்டாது. கிருமி உடம்பில் பதுங்கியிருந்து, அடுத்த சினையில் 90 நாளுக்குப் பிறகு கொடியைத் தாக்கும். இந்த ஆண்டு வீசுகிற ஆடு போன ஆண்டே வாங்கிக்கொண்டது என்பதால், இன்று கொடியைக் கவனமாக அகற்றுவதன் பலன் அடுத்த ஈத்தில்தான் தெரியும்.

முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியவை:

1. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பட்டிப் பக்கமே வரக்கூடாது. வீசிய குட்டியைத் தொடுவது, அந்த ஆட்டில் பால் கறப்பது, அந்த வேலை செய்தவரின் துணியைத் துவைப்பது எதுவும் வேண்டாம். இந்தக் கிருமி மனிதக் கருவையும் கலைக்கும், தாயின் உயிருக்கும் ஆபத்து. ஏற்கெனவே தொட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தால், ஆடு குட்டி வீசியதை மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

2. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு வீசிய ஆட்டைத் தனியாகக் கட்டுங்கள். கசிவு முழுக்க நிற்கும்வரை, குறைந்தது மூன்று வாரம், அது தனியே இருக்கட்டும்.

3. நாய் தூக்குவதற்கு முன் கொடியை எடுங்கள். மாட்டின் கொடியை மூட்டையாகக் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. வீச்சு கண்ட கொடிக்கு அது ஆகாது.

கொடியை நெகிழித் தாளில் விரித்துப் பாருங்கள். நல்ல கொடியில் கருஞ்சிவப்புப் பொத்தான்களுக்கு (வட்டச் சதைத் திட்டுகளுக்கு) இடையே உள்ள சவ்வு மெல்லியதாக, கண்ணாடிபோல் இருக்கும். கிளமிடியா தாக்கியதில் அந்தச் சவ்வு செருப்பு வார்போலத் தடித்து, செம்பழுப்பாகி, மேலே அழுக்கு நிறச் சீழ் படிந்திருக்கும். சவ்வு நன்றாக இருந்து பொத்தான்களில் மட்டும் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் டாக்ஸோபிளாஸ்மா என்ற வேறொரு தொற்றாக இருக்கலாம். கண்பார்வை இவ்வளவுக்குத்தான் உதவும். கன்று வீச்சு எனப்படும் புருசெல்லாவும் கியூ காய்ச்சலும் கொடியை இதேபோல் தடிக்க வைக்கும், இரண்டும் மனிதரையும் தொற்றும். அதனால் ஆய்வகம் சொல்லாமல் பெயர் வைக்கக் கூடாது.

பொத்தான்களோடு சேர்ந்த இரண்டு மூன்று கொடித் துண்டுகளைத் திருகு மூடி டப்பாவில் போட்டு, இரட்டை உறையிட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றோ மறுநாளோ கால்நடை மருந்தகத்தில் சேர்த்துவிடுங்கள். முடிந்தால் குட்டியையும் அனுப்பலாம். சமையலறைக் குளிர்பெட்டி வேண்டாம். ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் ஊறவைத்ததை மட்டும் அனுப்பினால் கிருமியை வளர்த்துப் பார்க்க வழியில்லை. கொடி கிடைக்காவிட்டால் 24 மணி நேரத்துக்குள் பிறப்புறுப்புக் கசிவை மருத்துவர் பஞ்சுக்குச்சியில் எடுப்பார். மரக்குச்சி, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையைக் கெடுக்கலாம், நெகிழிக் குச்சிதான் சரி. அருகில் மருந்தகம் இல்லையென்றால் 1962 எண்ணில் நடமாடும் கால்நடை ஊர்தியை அழைக்கலாம்.

மிச்சத்தைக் கிணற்றிலிருந்து தள்ளி நாலடிக் குழி வெட்டி அதில் போட்டு, சுண்ணாம்புத்தூள் தூவி மூடி, மேலே முள் வையுங்கள். நனைந்த வைக்கோலையும் மேல்மண்ணையும் வழித்தெடுத்த பிறகே தரையில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்ற வேண்டும். சாணமும் ரத்தமும் இருக்கும்போது ஊற்றினால் குளோரின் அவற்றிலேயே தீர்ந்துபோகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். தூள் புதிதாக இருக்கட்டும். மூடி திறந்து மாதக்கணக்கில் கிடந்த தூளில் வாசனைதான் மிஞ்சியிருக்கும்.

கிளமிடியா உறுதியான பிறகு, இன்னும் ஈனாத சினையாடுகளுக்கு நீண்டகாலம் வேலை செய்யும் ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போடலாம். கிலோவுக்கு 20 மில்லிகிராம், தசையில், கால்நடை மருத்துவர் சொற்படி. மில்லிக்கு 200 மில்லிகிராம் உள்ள மருந்தானால் 30 கிலோ ஆட்டுக்கு 3 மில்லி. இரண்டு வார இடைவெளியில் ஈனும்வரை திரும்பப் போட வேண்டும். தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது: கடையில் 50 மில்லிகிராம் புட்டி கைக்கு வரும், அதே 3 மில்லியைப் போட்டால் கால் பங்கு மருந்துதான் உள்ளே போகும், அதுவும் சீக்கிரம் கரைந்துவிடும். சரியாகப் போட்டாலும் கிருமி முழுதாக ஒழியாது. பெருக்கம் குறையும், வீச்சு குறையும், அவ்வளவுதான். ஏற்கெனவே தடித்துப்போன கொடியை எந்த ஊசியும் திருப்பாது. பாலையும் இறைச்சியையும் எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பது புட்டியின் சீட்டில் இருக்கும்.

வீசிய ஆட்டைச் சந்தையில் தள்ளிவிட்டுப் புது ஆடு வாங்குவது வாங்கியவருக்கும் கேடு, விற்றவருக்கும் கேடு. வீசிய ஆட்டுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும், அடுத்த ஈத்து பெரும்பாலும் நல்லபடியாக முடியும். எதிர்ப்பே இல்லாத புது ஆடுதான் அந்தப் பட்டியில் முதலில் மாட்டும். ஒன்றிரண்டோடு நின்றால் இறைச்சிக்குக் கழிக்கலாம், பட்டி முழுதும் பரவியிருந்தால் வைத்துக்கொள்வதே மேல். பால் இருக்கிறதே என்று தாயில்லாப் பெட்டைக்குட்டியை அதில் ஊட்டவிட்டு, அந்தக் குட்டியைச் சினைக்கு வளர்க்க வேண்டாம்.

வெளியிலிருந்து ஆடு வாங்கினால் 21 நாள் ஒதுக்கி வைத்தாலும் இந்த நோய் பிடிபடாது. பதுங்கியிருக்கும் கட்டத்தில் ரத்தச் சோதனையும் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. வாங்கிய பெட்டை முதல் ஈத்து முடியும்வரை தனிக் கொட்டகையில் இருக்கட்டும். அதன் கொடியையும் விரித்துப் பார்த்துவிட்டுப் பட்டியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.