சுண்ணாம்பில் மூன்று சமன்பாடு: சாராதவை எத்தனை?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பொங்கலுக்குச் சுவரில் அடிக்கிற சுண்ணாம்பையே எடுத்துக்கொள்வோம்.

(1) கால்சியம் கார்பனேட் → கால்சியம் ஆக்சைடு + கார்பன் டை ஆக்சைடு
(2) கால்சியம் ஆக்சைடு + நீர் → கால்சியம் ஹைட்ராக்சைடு
(3) கால்சியம் ஹைட்ராக்சைடு + கார்பன் டை ஆக்சைடு → கால்சியம் கார்பனேட் + நீர்

முதலாவது காளவாயில், அடுத்தது நீற்றும் தொட்டியில், கடைசியது சுவரில். இடமும் சூடும் வேறு வேறு. கணக்குக்கு அதெல்லாம் பொருட்டில்லை. ஒன்றை மற்றவற்றைக் கூட்டியோ கழித்தோ பெற முடியுமா என்பதே கேள்வி; அப்படிப் பெற முடியாதவையே சாராதவை.

ஒவ்வொரு சமன்பாட்டையும் ஒரு நிரையாக எழுதுங்கள். வினைபடுபொருளுக்குக் கழித்தல் குறி, விளைபொருளுக்குக் கூட்டல், இல்லாத பொருளுக்கு 0. நிரல்களின் வரிசை: கார்பனேட், ஆக்சைடு, கார்பன் டை ஆக்சைடு, நீர், ஹைட்ராக்சைடு.

(1) −1, 1, 1, 0, 0
(2) 0, −1, 0, −1, 1
(3) 1, 0, −1, 1, −1

மூன்றையும் கூட்டினால் ஐந்து நிரலிலும் 0. அதாவது ஒன்று மற்ற இரண்டிலிருந்து வந்துவிடும்; எந்த இரண்டும் ஒன்றின் மடங்கு மற்றதல்ல. ஆக, இந்த எண் கட்டத்தின், அதாவது அணியின், தரம் (சாராத நிரைகளின் எண்ணிக்கை) 2, சாராதவை இரண்டுதான். எந்த இரண்டை வைத்துக்கொள்வது என்பது உங்கள் வசதி. இப்படிப் பார்த்த உடனே விடை தெரியாத பெரிய தொகுப்புகளுக்குப் பிளஸ் டூ கணக்கில் வரும் ஏறுபடி வடிவம்தான் வழி: ஒரு நிரையின் மடங்கை மற்றதிலிருந்து கழித்துக்கொண்டே போய், பூச்சியமாகாமல் மிஞ்சும் நிரைகளை எண்ணுங்கள். தசமம் வேண்டாம், முழு எண்ணிலேயே செய்யுங்கள், 0.333 என்று வெட்டினால் பூச்சியமாக வேண்டிய இடத்தில் துணுக்கு நின்று தரத்தைக் கூட்டிக் காட்டும்.

வெப்ப மாற்றத்தை வைத்தும் சரிபார்க்கலாம். 25 டிகிரி செல்சியஸில், நீர் திரவமாக இருக்கையில், ஒரு மோலுக்கு முறையே +178, −65, −113 கிலோஜூல். கூட்டினால் 0. எண்கள் பொருந்துவது மட்டும் சார்பை நிரூபிக்காது. பொருந்தாவிட்டால் எங்கோ பிழை என்பது உறுதி.

அதிகம் நடக்கும் தவறு, சமப்படுத்தாமல் விடுவது. (3)இல் நீரை விட்டுவிட்டால் கூட்டுத்தொகையில் நீரின் நிரலில் −1 நிற்கும்; தரம் 3 என்று பொய் சொல்லும். திருப்பி எழுதியதையும் இரண்டால் பெருக்கியதையும் புதுச் சமன்பாடாக எண்ணுவதும் வழக்கமான சறுக்கல்தான்.

‘பொருள்களின் எண்ணிக்கையிலிருந்து தனிமங்களின் எண்ணிக்கையைக் கழி’ என்ற குறுக்குவழி இங்கே காலை வாரும். பொருள் 5, தனிமம் 4. விடை 1 என்று வரும், அது தவறு. காரணம், இந்த மூன்றிலும் எந்தத் தனிமத்தின் ஆக்சிஜனேற்ற எண்ணும் (சேர்மத்தில் அணுவுக்குக் கணக்கிடும் மின்சுமை) மாறவில்லை. கால்சியம், கார்பன், ஹைட்ரஜன் அணுக்களின் எண்ணிக்கை தெரிந்தால் ஆக்சிஜன் தானாகவே வந்துவிடும். எனவே கழிக்க வேண்டியது தனிமங்களின் எண்ணிக்கையை அல்ல, தனிம அணியின் (ஒவ்வொரு பொருளிலும் எந்தத் தனிமத்தின் அணு எத்தனை என்ற கட்டத்தின்) தரத்தை: 5 − 3 = 2. அதே காளவாயின் கரி, ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு என்ற நான்கில் ஆக்சிஜனேற்ற எண் மாறுகிறது; அங்கே 4 − 2 = 2 என்று குறுக்குவழியே சரியாக வரும்.

சில நேரம் அணியே வேண்டாம். இந்த மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளூரைடு தெரிந்த பிரச்சினை. மேலே உள்ள மூன்றோடு இதைச் சேருங்கள்:

கால்சியம் ஹைட்ராக்சைடு + 2 சோடியம் புளூரைடு → கால்சியம் புளூரைடு + 2 சோடியம் ஹைட்ராக்சைடு

கால்சியம் புளூரைடு மற்ற எதிலும் இல்லை. அந்த நிரலை வேறு எந்த நிரையாலும் உண்டாக்க முடியாது. ஆகவே இது சாராதது, மொத்தம் 3.