ஆடியோ வந்தது, விவரம் வரவில்லை: பேச்சுப் பதிவுகளைப் பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை எங்காவது கூட்டம் நடந்தால், திங்கள் காலைக்குள் அந்தப் பேச்சு எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். கூடவே 'தோழர்கள் அவசியம் கேட்கவும்' என்று ஒரு வரி. யார் பேசியது, எந்த ஊர், என்ன கூட்டம் என்று கேட்டால், "குரலைக் கேட்டாலே தெரியுமே தோழர்" என்பார்கள். கூட்டத்துக்குப் போனவருக்குத் தெரியும். மூன்று வருடம் கழித்துக் கேட்கும் கல்லூரி மாணவிக்கு?

விவரம் எழுதுகிறவர்களும் அதைத் தனிச் செய்தியாகத்தான் எழுதுகிறார்கள். அடுத்தவர் ஆடியோவை மட்டும் தொட்டு ஃபார்வர்டு செய்வார்; விவரம் அங்கேயே நின்றுவிடும். கோப்பின் பெயரும் வழியில் ஏதோ எண்ணாக மாறிவிடும். அதனால் நான் இப்போது விவரத்தை ஆடியோவுக்குள்ளேயே வைத்துவிடுகிறேன். பதிவின் தொடக்கத்தில் என் குரலில் 15 வினாடி: பேசுபவர் பெயர், நாள், ஊர், கூட்டத்தின் பெயர், பதிவு செய்தவர். கேட்க அழகாக இருக்காது, ஆனால் யாராலும் எளிதில் உதிர்க்க முடியாது.

நாள் ஏன் முக்கியம் என்பதற்குப் பெரியாரின் கடைசிப் பேச்சு போதும். 1973 டிசம்பர் 19, சென்னை தியாகராய நகர். டிசம்பர் 24-இல் அவர் இல்லை. அந்த ஐந்து நாள் கணக்கு தெரிந்து கேட்பவருக்கு அந்தக் குரல் வேறு மாதிரி கேட்கும்.

அடுத்தது நானே செய்த தவறு. வெளிமாநிலத்திலிருந்து ஒருவர் வந்து ஆங்கிலத்தில் பேசினார். மேடையில் ஒரு தோழர் வரிக்கு வரி தமிழில் சொன்னார். நான் தமிழ்ப் பகுதியை மட்டும் எழுத்தாக்கி, பேச்சாளர் பெயரைப் போட்டு அனுப்பினேன். அதில் ஏர் பிடித்த கையையும் மண்ணையும் பற்றி அருமையான ஒரு வரி. ஆளுக்காள் அதைப் படத்தில் ஏற்றிப் பரப்பினார்கள். பிறகு ஒரு நண்பர் மூலப் பதிவைக் கேட்டுவிட்டு ஃபோன் செய்தார்: "அவர் அப்படிச் சொல்லவே இல்லையே!" திரும்பக் கேட்டேன். ஆங்கிலத்தில் இருந்தது வறட்டு வாக்கியம் ஒன்று, விவசாயிகளின் உரிமை பற்றி. ஏரும் மண்ணும் மொழிபெயர்த்தவரின் கைச்சரக்கு. நம் மேடை மொழிபெயர்ப்பாளர்கள் கூட்டத்தின் சூட்டுக்கு ஏற்பக் கொஞ்சம் சேர்ப்பார்கள். அது ஒரு கலை, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் 'பேசியவர் இன்னார், மேடையில் தமிழில் சொன்னவர் இன்னார்' என்று இரண்டு பெயரும் வர வேண்டும். இல்லையென்றால் ஒருவருக்கு இல்லாத வரி சேருகிறது, இன்னொருவருக்கு இருந்த வரி போகிறது.

பேசாத பேச்சும் பேச்சாகச் சுற்றும். அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' லாகூரில் இருந்த சாதி எதிர்ப்பு அமைப்பான ஜாத்-பாத் தோடக் மண்டல் 1936-இல் நடத்தவிருந்த மாநாட்டுக்காக எழுதிய தலைமையுரை. உரையைப் படித்தவர்கள் சில பகுதிகளை மாற்றக் கேட்டார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்றார் அவர். மாநாடு ரத்தானது. தன் செலவில் அச்சிட்டு வெளியிட்டார். ஆக, அது நிகழ்த்தப்படவே இல்லை. இணையத்தில் கேட்பது யாரோ வாசித்த குரல். அப்படி வாசித்தவரின் பெயரைப் போடுங்கள். அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் 'வாக்குச்சீட்டா தோட்டாவா' இதற்கு நேரெதிர்: 1964 ஏப்ரல் 3-இல் கிளீவ்லாந்திலும் ஏப்ரல் 12-இல் டெட்ராய்ட்டிலும் அதே தலைப்பில் பேசினார், இரண்டும் ஒரே வாசகம் அல்ல. ஓர் ஊரின் ஆடியோவுக்கு மற்ற ஊரின் எழுத்து வடிவத்தை ஒட்டிவிட்டு, 'பாதியைக் காணோமே' என்று தேடியிருக்கிறோம்.

வெட்டும்போது வரும் வினை இன்னும் பெரிது. 2016 பிப்ரவரியில் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜேஎன்யு) மாணவர்கள் தேசவிரோத முழக்கம் எழுப்பினார்கள் என்ற விவகாரம் வெடித்தது துண்டுத் துண்டு வீடியோக்களால். டெல்லி அரசு 7 வீடியோக்களை ஐதராபாத்தில் உள்ள தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்பியது. அவற்றில் 2 திருத்தப்பட்டவை என்று அறிக்கை வந்தது. அதற்குள் மாணவர்கள் சிறைக்குப் போயிருந்தார்கள். அது எதிராளியின் வேலை என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம், நாமும் வெட்டுகிறோம். 'இன்னார் இப்படிச் சொல்கிறார்கள்' என்று பேச்சாளர் எதிர்த்தரப்பின் வாதத்தை எடுத்துவைப்பார், பிறகு மறுப்பார். நடுவில் வெட்டினால் எதிர்த்தரப்பின் வாதம் அவர் வாயில் ஏறிவிடும். வெட்டுவதாக இருந்தால் முன்னால் ஒரு நிமிடம், பின்னால் ஒரு நிமிடம் விடுங்கள். முழுப் பதிவின் இணைப்பையும், துண்டு எத்தனையாவது நிமிடத்திலிருந்து வருகிறது என்பதையும் குறியுங்கள்.

உரிமை பற்றி. கூட்டம் நடத்தியவர்கள் 'இது எங்கள் பேச்சு' என்று லோகோ போடுவது வழக்கம். ஆனால் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, பொதுவில் ஆற்றிய உரையின் முதல் உரிமையாளர் பேசியவர்தான், அல்லது அவர் யார் சார்பில் பேசினாரோ அவர். ஏற்பாடு செய்தவர் அல்ல. பதிவுக்கு என்று தனி உரிமையும் உண்டு. ஆகவே பேசியவரிடம் ஒரு வார்த்தை, பதிவு செய்தவரிடம் ஒரு வார்த்தை. மூன்று மணி நேரம் கேமரா முக்காலியோடு நின்றவரின் பெயரை விட்டுவிட்டு நம் சேனல் லோகோவை ஏற்றுவது, சட்டம் கிடக்கட்டும், அசிங்கம்.

பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம். அதில் ஒரு பெண் எழுந்து ஊர்ப் பெயர் சொல்லி, தன் பெயர் சொல்லி, காவல் நிலையத்தில் நடந்ததைச் சொல்வார். பேச்சாளர் பதிவுக்குச் சம்மதித்தவர். அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. கூடங்குளம் அணுஉலை எதிர்ப்புப் போராட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோகப் பிரிவில் வழக்கு போட்ட நாடு இது. எனவே கேள்வி நேரத்தை நான் முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் வாங்கியிருந்தால் ஒழியப் பொதுவில் போடுவதில்லை.

இப்போது ஏஐ குரல் வேறு. 2018-இல் மறைந்த கருணாநிதி, 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் ஏஐ காணொளியாக வந்து பேசினார். அரங்கில் இருந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். அதையே 20 வினாடி ஆடியோவாக நறுக்கினால் யாருக்குத் தெரியும்? இப்படிப்பட்டதைப் பகிர்ந்தால் 'ஏஐ' என்ற சொல்லும் பதிவுக்குள்ளேயே ஒலிக்க வேண்டும்.

தவறாகப் போய்விட்டால் சத்தமில்லாமல் அழித்துவிடலாம் என்று தோன்றும். அழித்தால் நம் குழுவில் மட்டும்தான் அழியும், ஃபார்வர்டு ஆனவை அப்படியே இருக்கும். பழைய செய்திக்கே பதிலாகத் திருத்தம் எழுதுவது நல்லது; எது தவறு, எது சரி என்று இரண்டும் அதில் இருக்கட்டும். அந்த ஏர் பிடித்த கை வரிக்கு நானும் அப்படித்தான் எழுதினேன், மொழிபெயர்த்த தோழரிடம் மன்னிப்பும் கேட்டேன். போன மாதம் அது சூரிய உதயப் படத்தோடு, காலை வணக்கத்தோடு, இன்னும் அந்த வெளிமாநிலப் பேச்சாளர் பெயரிலேயே என் சித்தப்பாவிடமிருந்து வந்தது.