தெர்மோஸ்டாட் மாற்றுகிறீர்களா? வயரின் நிறத்தை நம்பாதீர்கள்

அமெரிக்காவில் வீடு வாங்கிய பிறகு நானாகக் கை வைத்த முதல் மின்சார வேலை, வீட்டின் சூட்டையும் ஏசியையும் இயக்கும் சுவர்ப்பெட்டியான தெர்மோஸ்டாட்டை மாற்றியதுதான். பழைய பெட்டியைக் கழற்றினால் உள்ளே ஐந்து மெல்லிய வயர்கள்: சிவப்பு, வெள்ளை, பச்சை, மஞ்சள், நீலம். புதியதோடு வந்த தாளிலும் அதே ஐந்து நிறங்கள். இதில் என்ன இருக்கிறது என்று தாளில் இருந்தபடியே மாட்டினேன். பேட்டரியில் திரை ஒளிர்ந்தது. சூட்டைக் கூட்டினேன். 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது, சூடு மட்டும் வரவில்லை. ஜனவரி மாதம், வெளியே பனி. பேஸ்மென்ட்டில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைத் திறந்து பார்த்தால் கன்ட்ரோல் போர்டில் இருந்த 3 ஆம்பியர் ஃபியூஸ் போயிருந்தது.

வயர் மாட்டும் ஒவ்வொரு துளைக்கும் ஓர் ஆங்கில எழுத்து உண்டு. எங்கள் வீட்டில் முன்பு யாரோ வெள்ளையை 'சி'யிலும் நீலத்தை 'டபிள்யூ'விலும் மாட்டியிருந்தார்கள். அது தவறும் இல்லை. வயருக்கு நிறம் தெரியாது. தெர்மோஸ்டாட், ஃபர்னஸ் என்ற இரண்டு முனையிலும் ஒரே எழுத்தில் இருந்தால் வேலை நடந்துவிடும். தவறு செய்தது நிறத்தைப் பார்த்து மாட்டிய நான்தான்.

ஃபர்னஸில் உள்ள சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வீட்டு மின்சாரத்தை 24 வோல்ட்டாகக் குறைக்கிறது. அது 'ஆர்' வழியாகத் தெர்மோஸ்டாட்டுக்கு வருகிறது. தெர்மோஸ்டாட் வெறும் சுவிட்ச்தான்: 'ஆர்'ஐ 'டபிள்யூ'வோடு சேர்த்தால் சூடு, 'ஒய்'யோடு சேர்த்தால் ஏசி கம்ப்ரஸர், 'ஜி'யோடு சேர்த்தால் ஃபேன். 'சி' திரும்பிப் போகும் பாதை. 'ஆர்'ஐயும் 'சி'யையும் நேராகச் சேர்த்தால் ஷார்ட். சூடு கேட்டபோது என் தெர்மோஸ்டாட் செய்தது அதைத்தான்.

எழுத்துகள் ஆங்கில நிறப்பெயர்களின் முதலெழுத்தாக அமைந்திருப்பதுதான் ஆளை ஏமாற்றுகிறது. ஆனால் அது வழக்கம் மட்டுமே, எல்லோரும் அதைப் பின்பற்றியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. 'சி'க்கு அந்த ஒற்றுமையும் கிடையாது. பெரும்பாலும் நீலம், சில வீடுகளில் கறுப்பு.

நம் ஊரில் வயரிங் பார்த்துப் பழகியவர்களுக்கு இன்னொரு குழப்பம். அங்கே கறுப்பு நியூட்ரல். அமெரிக்க வீட்டு மின்சாரத்தில் கறுப்பில்தான் கரண்ட் வரும், வெள்ளைதான் நியூட்ரல். பச்சை இரண்டு ஊரிலும் எர்த், தெர்மோஸ்டாட்டிலோ அது ஃபேன். எர்த்துதானே என்று பச்சையை மாட்டாமல் விட்டால், சில ஃபர்னஸ்களில் ஏசி ஓடும்போது காற்று வராது. ஏசியின் குளிரூட்டும் காயிலில் (குழாய்ச் சுருளில்) பனிக்கட்டி பிடிக்கும்.

ஆகவே பிரேக்கரை அணைத்து, பழைய தெர்மோஸ்டாட்டின் முகப்பைக் கழற்றியதும் ஒரு வயரையும் தொடாமல் போட்டோ எடுங்கள். எந்த வயர் எந்த எழுத்தில் இருக்கிறது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். பிறகு ஒவ்வொரு வயரிலும் எழுத்தை எழுதி டேப் ஒட்டுங்கள். சரி, எழுத்தை நம்பலாமா? முக்கால்வாசி நம்பலாம். சில பழைய மாடல்களில் 'பி' என்பது 'சி' செய்யும் வேலையைச் செய்யும். புதியதில், ஹீட் பம்ப்புக்கான (சூடு, குளிர் இரண்டையும் தரும் ஒரே யூனிட்) 'ஓ/பி' என்று ஒன்று இருக்கிறதே என்று அதில் மாட்டினால் மறுபடியும் ஷார்ட்.

அதனால்தான் ஃபர்னஸ் பக்க முனையையும் பார்க்கச் சொல்கிறேன். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஐந்து நிமிடமும் போதும், ஆனாலும் யாரும் செய்வதில்லை. சுவரில் சும்மா சுருட்டி விட்டிருக்கும் நீல வயரை 'சி'யில் மாட்டிவிட்டு, திரை எரியவில்லை என்று தெர்மோஸ்டாட்டைத் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. அந்த வயர் ஃபர்னஸ் பக்கமும் சும்மாதான் தொங்கிக்கொண்டிருக்கும். அங்கும் 'சி'யில் மாட்டினால்தான் உயிர் வரும்.

போர்டைப் பார்க்கும்போது இன்னொன்றும் கண்ணில் படும். வெளியே இருக்கும் ஏசி யூனிட்டுக்குப் போகும் இரட்டை வயரில் வழக்கமாக ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. அவை போய்ச் சேர்வது 'ஒய்'யிலும் 'சி'யிலும். சிவப்பைப் பார்த்ததும் 'ஆர்' என்று நினைத்து அங்கே மாற்றி மாட்டிவிடாதீர்கள்.

ஹீட் பம்ப் உள்ள வீட்டில் 'ஓ/பி'யில் வரும் வயர் ஒரு வால்வைத் திருப்புகிறது. பெரும்பாலான கம்பெனிகளில் குளிரூட்டும்போது அதற்குக் கரண்ட் போகும், சிலவற்றில் சூடாக்கும்போது. புதிய தெர்மோஸ்டாட்டின் செட்டிங்கில் இதைத் தலைகீழாகக் கொடுத்தால், சூடு கேட்டால் குளிர்ந்த காற்று வரும். வயரைப் பிடுங்க வேண்டாம், செட்டிங்கைத் திருப்பினால் போதும்.

ஏசிக்கு 'ஆர்சி', சூட்டுக்கு 'ஆர்எச்' என்று இரண்டு 'ஆர்' துளைகள் இருந்து, பழையதில் அவற்றுக்கு நடுவே ஒரு துண்டு வயர் இருந்திருந்தால், அது ஜம்பர். புதியதில் அந்த இணைப்பு பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். சுவரிலிருந்தே இரண்டு தனித்தனி வயர்கள் அங்கே வந்தால் கதை வேறு: டிரான்ஸ்ஃபார்மர் இரண்டாக இருக்கலாம், சேர்க்கக் கூடாது.

மேலே சொன்னதெல்லாம் மெல்லிய வயர்களுக்குத்தான். சுவரிலிருந்து தடித்த கறுப்பு, சிவப்பு வயர்கள் வந்து, மேலே பிளாஸ்டிக் தொப்பி திருகியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அது பேஸ்போர்டு ஹீட்டர் (சுவரின் அடியில் இருக்கும் மின்சார ஹீட்டர்) போன்றவற்றை நேரடியாக இயக்கும் 120 அல்லது 240 வோல்ட். 24 வோல்ட் தெர்மோஸ்டாட்டை அதில் மாட்டினால் தீப்பிடிக்கும், உயிருக்கும் ஆபத்து. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சில்லறை விஷயங்கள்: கழற்றிய வயர்க் கொத்தை ஒரு பென்சிலில் சுற்றி வையுங்கள், இல்லாவிட்டால் சுவருக்குள் விழுந்துவிடும். முனையை ஒரு சென்டிமீட்டர் அளவு சீவினால் போதும்; செம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பக்கத்து வயரைத் தொடும். பழையதற்குள் கண்ணாடிக் குப்பியில் வெள்ளியாய் ஏதாவது உருண்டால் அது பாதரசம். குப்பையில் போடாதீர்கள், அபாயகரமான கழிவுகளை வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

அப்புறம், ஃபியூஸ் போய்விட்டால் அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும், பெரியதைப் போட்டால் அடுத்த முறை டிரான்ஸ்ஃபார்மர் போகும். போர்டில் இருப்பது பெரும்பாலும் கார்களில் போடும் அதே சிறிய ஃபியூஸ், கார் உதிரி பாகக் கடையிலேயே கிடைக்கும். இந்த வேலையில் நான் நிறத்தை நம்புவது அங்கே மட்டும்தான்: ஊதா என்றால் 3, இளம் பழுப்பு என்றால் 5.